இரைப்பை வெறும் பைதானா?

மாணவர்களே, ‘இரைப்பை’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். இரை, பை. உண்ட இரை தங்கும் பை. பொருத்தமான பெயர்தான். வெறும் வயிற்றில் சுருங்கிக் கிடக்கும் இந்தப் பை, வயிறார உண்ணும்போது ஒரு லிட்டருக்கும் மேல் விரிந்து கொடுக்கும்.

ஆனால் இந்தப் பெயரே நம்மைக் கொஞ்சம் திசை திருப்பியும் விடுகிறது. பை பெரிதாக இருப்பதால் அதிகம் சாப்பிடுகிறோம், பையை வெட்டிச் சிறிதாக்கினால் குறைவாகச் சாப்பிடுவோம், எடை இறங்கும்; உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சை என்றால் இவ்வளவுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். “வாயைக் கட்ட முடியாதவர்கள் வயிற்றை வெட்டிக்கொள்கிறார்கள்” என்று கேலி பேசுவோரும் உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் இப்படி ஒரு பேச்சை நீங்களே கேட்டிருக்கலாம்.

இரைப்பை வெறும் பை அல்ல என்பதை அறிவியல் கண்டுகொண்டு ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆகிறது. அந்தக் கதையை இந்த வாரம் பார்ப்போம். நான்காம் படிவத்தில் உயிரியல் படிப்பவர்களுக்குச் செரிமான மண்டலப் பாடத்தை மீள்பார்வை செய்ததாகவும் ஆகும்.

எடை கூடினால் யாருக்கு ஆபத்து?

மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு ஒன்று 2023ஆம் ஆண்டில் நடந்தது. அதன்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். 2019ஆம் ஆண்டு ஆய்வில் இது 50.1 விழுக்காடாக இருந்தது. அதே 2019ஆம் ஆண்டு ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் ‘இனிப்பு நீர்’ என்று சொல்வது இதைத்தான். இந்தியரை மட்டும் தனியாகக் கணக்கெடுத்தால் ஏறத்தாழ பத்துப் பேரில் மூவர். உங்கள் தாத்தா பாட்டி, பெரியப்பா, அத்தை என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். இந்த எண்ணை நம்புவது கடினமாக இருக்காது.

உடற்பருமனை அளக்க உடல் எடைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ., பயன்படுகிறது. எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 82 கிலோ எடை, 1.65 மீட்டர் உயரம் உள்ள ஒருவருக்கு 82ஐ 2.7225ஆல் வகுத்தால் 30.1 வரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோலில் 25க்கு மேல் கூடுதல் எடை, 30க்கு மேல் உடற்பருமன். ஆசியர்களுக்கோ 23லேயே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5லிருந்து அது அதிக ஆபத்து என்று அந்நிறுவனத்தின் நிபுணர் குழு 2004ஆம் ஆண்டில் கூறியது.

ஏன் இந்த வேறுபாடு? அதே 2004ஆம் ஆண்டில் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு படம் வெளிவந்தது. புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் படம். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லி. ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடும் யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடும் இருந்தன. குறியீடு ஒன்று, கொழுப்போ இரண்டு மடங்குக்கு மேல்! தெற்காசிய உடலமைப்பில் தசை குறைவாகவும், வயிற்றுப் பகுதிக் கொழுப்பு அதிகமாகவும் இருப்பது வழக்கம். அதனால்தான் ஆசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கை எல்லை.

இந்த எண்களை அப்படியே உங்கள்மேல் போட்டுப் பார்க்காதீர்கள். நீங்கள் வளரும் வயதினர். 19 வயது வரை, வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி அட்டவணையில் வைத்துத்தான் பி.எம்.ஐ.யைப் படிக்க வேண்டும். பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழுவோ கிளினிக்கில் உள்ள தாதியோ அதைச் செய்து தருவார்கள்.

சும்மா இருக்காத கொழுப்பு

கொழுப்பு என்றால் தோலுக்கு அடியில் மூட்டை கட்டி வைத்த சேமிப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் கொழுப்புத் திசு ஒரு சுரப்பியைப்போல வேலை செய்கிறது. குறிப்பாகக் குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படியும் உள்ளுறுப்புக் கொழுப்பு, அழற்சியை உண்டாக்கும் வேதிப்பொருள்களையும் கொழுப்பு அமிலங்களையும் ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. இதனால் தசையும் கல்லீரலும் இன்சுலினின் சொல்லைக் கேட்பதில்லை. ரத்தத்தில் குளுக்கோஸ் தேங்குகிறது. கணையம் இன்னும் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து சமாளிக்கப் பார்க்கிறது. பல ஆண்டுகள் அப்படி உழைத்துக் களைத்துப் போகிறது. இரண்டாம் வகை நீரிழிவு இப்படித்தான் வருகிறது. ஒரே நாளில் வருவதல்ல. ரத்தப் பரிசோதனையில் தெரிய வரும்போது உள்ளே பத்தாண்டு வேலை நடந்து முடிந்திருக்கக்கூடும்.

அங்கிருந்து கிளைகள் பிரிகின்றன. நீரிழிவு சிறுநீரகத்தைத் தாக்குகிறது. நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மூல காரணம் நீரிழிவுதான். கண்ணின் விழித்திரை, கால் நரம்புகள், இதயத் தமனிகள் என்று மற்றவையும் வரிசையில் நிற்கின்றன. உயர் ரத்த அழுத்தம், கொழுப்பேறிய கல்லீரல் ஆகியவையும் உடன் வரும். கழுத்துப் பகுதியில் கொழுப்பு சேர்ந்தால் தூங்கும்போது மூச்சுக்குழல் அடைத்து அடைத்துத் திறக்கும். சத்தமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, திடுக்கிட்டு மீண்டும் மூச்சு விடும் மாமாவைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அது சிரிக்கத்தக்கதன்று, மருத்துவரிடம் காட்ட வேண்டியது. முழங்காலின் கணக்கும் விந்தையானது. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மூட்டின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. புற்றுநோயையும் இதில் சேர்க்க வேண்டும்: பதின்மூன்று வகைப் புற்றுநோய்களுக்கும் அதிக உடல் கொழுப்புக்கும் தொடர்பு உண்டு என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016ஆம் ஆண்டில் அறிவித்தது.

குறைத்த எடை திரும்பி வருவதேன்?

“சாப்பாட்டைக் குறை, ஓடு” என்பது நல்ல அறிவுரை. சிறிதளவு கூடுதல் எடை உள்ளவருக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். ஆனால் கடுமையான உடற்பருமன் உள்ள ஒருவர் அதைக் கேட்டு முப்பது கிலோ குறைத்து, இரண்டு மூன்று ஆண்டில் மீண்டும் ஏறினால், “மன உறுதி இல்லை” என்று முடிவு கட்டிவிடுகிறோம். இங்கேதான் அறிவியலைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி பிக்கெஸ்ட் லூசர்’ என்று ஒரு போட்டி நடந்தது. மிகப் பருமனானவர்கள் சில மாதங்கள் கடும் பயிற்சியும் கட்டுப்பாடான உணவுமாக இருந்து எடையைக் குறைப்பார்கள். அவர்களில் 14 பேரை அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தின் ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் ஆறு ஆண்டு கழித்து மீண்டும் பரிசோதித்து, 2016ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். போட்டியின் முடிவில் அவர்கள் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தார்கள். அதில் 41 கிலோ திரும்பி வந்திருந்தது. வியப்பு அதுவல்ல. ஓய்வாக இருக்கும்போது அவர்களின் உடல் எரிக்கும் ஆற்றல், அந்த எடையில் உள்ள ஒருவருக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு 500 கிலோகலோரி குறைவாக இருந்தது. எடை திரும்பிய பிறகும் அப்படியே! ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமமான ஆற்றலை உடல் தினமும் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தது.

காரணம், மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடலின் கொழுப்பு இருப்பைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. நியூயார்க்கில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் 1994ஆம் ஆண்டில் இதைக் கண்டுபிடித்தார்கள். லெப்டின் குறைந்தால் “சேமிப்பு கரைகிறது, பஞ்சம் வந்துவிட்டது” என்று மூளை எடுத்துக்கொள்கிறது. பசியைக் கூட்டுகிறது, செலவைக் குறைக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகள் பஞ்சத்தோடு போராடிய மனித உடலுக்கு இந்த ஏற்பாடு வரமாக இருந்தது. தெரு முனையில் இருபத்து நான்கு மணி நேர உணவகம் உள்ள ஊரில் அதுவே சாபமாகிறது.

பசியைத் தூண்டும் ஹார்மோன் எங்கே சுரக்கிறது? 1999ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் மசாயாசு கொஜிமாவும் கெஞ்சி கங்காவாவும் அதைக் கண்டுபிடித்துக் ‘கிரெலின்’ என்று பெயரிட்டார்கள். அது சுரக்கும் இடம் மூளையன்று, இரைப்பை! சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது ரத்தத்தில் கிரெலின் ஏறுகிறது, சாப்பிட்டதும் இறங்குகிறது. எடையைக் குறைத்தவர்களுக்கு நாள் முழுவதும் கிரெலின் முன்பைவிடக் கூடுதலாக இருக்கிறது. வகுப்பில் பருமனான நண்பனுக்குப் பட்டப்பெயர் வைக்கிறவர்கள், அவன் உடலுக்குள் எந்த அளவு பசி மணி அடிக்கிறது என்பதை அறியமாட்டார்கள்.

ஒரு கவளம் நாசி லெமாக்கின் பயணம்

இனி அறுவை சிகிச்சைக்கு வருவோம். முதலில் வழக்கமான பாதையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு கவளம் நாசி லெமாக் வாய்க்குள் போகிறது. தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, சம்பால், நெத்திலி, ஒரு துண்டு முட்டை. வாயில் அமைலேஸ் மாவுச்சத்தைத் தொடுகிறது. இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சினும் புரதத்தைக் கவனிக்கின்றன. இரைப்பையின் அடி வாயில் உள்ள வளையத் தசை, கூழான உணவைச் சிறிது சிறிதாக முன்சிறுகுடலுக்குள் விடுகிறது. அங்கே பித்தநீரும் கணைய நீரும் வந்து சேர்கின்றன. பிறகு நடுச்சிறுகுடல், பின்சிறுகுடல். உறிஞ்சிகள் வழியாகச் சத்து ரத்தத்துக்கும் நிணநீருக்கும் போகிறது.

இன்று உலகில் மிக அதிகமாகச் செய்யப்படும் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையில், இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, ஏறத்தாழ முக்கால் பங்குக்கும் மேல் வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது சட்டைக் கை போன்ற ஒரு குழாய். அதனால் இதைச் ‘சட்டைக் கை’ அறுவை என்ற பொருளில் ‘ஸ்லீவ்’ என்கிறார்கள். உணவின் பாதை மாறுவதில்லை. ஆனால் வெட்டி எடுக்கப்படும் பகுதியில், இரைப்பையின் மேல் இடப்பக்கம் உப்பியிருக்கும் பாகமும் அடங்கும். கிரெலின் மிகுதியாகச் சுரப்பது அங்கேதான். பையோடு சேர்ந்து பசி மணியில் பெரும் பகுதியும் போய்விடுகிறது என்று சொல்லலாம்.

இன்னொன்று, பாதையையே மாற்றும் ‘கேஸ்ட்ரிக் பைபாஸ்’. நெடுஞ்சாலையில் ஊருக்குள் நுழையாமல் சுற்றிப் போகும் புறவழிச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். இரைப்பையின் உச்சியில் 30 மில்லிலிட்டர் மட்டும் கொள்ளும் சிறு பையைப் பிரித்து விடுகிறார்கள். சிறுகுடலை ஓரிடத்தில் வெட்டி, அதன் கீழ் முனையை மேலே இழுத்து இந்தச் சிறு பையோடு இணைக்கிறார்கள். இப்போது நம் நாசி லெமாக் கவளம் என்ன ஆகும்? பெரிய இரைப்பையைப் பார்க்காது, முன்சிறுகுடலைப் பார்க்காது, நேரே நடுச்சிறுகுடலில் போய் இறங்கும். பித்தநீரையும் கணைய நீரையும் சந்திக்க அது ஏறத்தாழ ஒரு மீட்டர் பயணம் செய்ய வேண்டும். ஒதுக்கப்பட்ட பெரிய இரைப்பை வெளியே எடுக்கப்படுவதில்லை. அது உள்ளேயே உயிரோடு இருந்து, தன் நீரைச் சுரந்து, பித்தநீரோடு சேர்த்து அனுப்பிக்கொண்டிருக்கும். இரண்டு கிளைகளும் கீழே ஒன்று சேர்வதால் படத்தில் ஆங்கில ‘ஒய்’ எழுத்தைப் போலத் தெரியும்.

இந்த இரண்டும் இன்று பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில், வயிற்றில் சில சிறு துளைகளிட்டு, கேமராவின் உதவியோடு செய்யப்படுகின்றன. சிலிக்கோன் வளையத்தை இரைப்பையின் மேற்பகுதியில் மாட்டும் முறை ஒன்றும் இருந்தது. ஒரு காலத்தில் பெரிய பெயர் பெற்ற அது, இப்போது பெரிதும் குறைந்துவிட்டது. அதற்கான காரணம் நம் கதைக்குப் பொருந்தி வருகிறது: வளையம் பையை இறுக்கியதே தவிர, ஹார்மோன்களை அவ்வளவாக மாற்றவில்லை.

எதிர்பாராமல் கிடைத்த விடை

தொடக்க காலத்தில் அறுவை மருத்துவர்களும் பை, குழாய் என்ற கணக்கில்தான் யோசித்தார்கள். 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சிறுகுடலின் பெரும் பகுதியை ஒதுக்கிவிடும் அறுவை பற்றிய செய்தி வெளியானது. உணவு உறிஞ்சப்படாமல் வெளியேறினால் எடை குறையும் அல்லவா? குறைந்தது. கூடவே தீராத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு ஆகியவையும் வந்தன. அந்த முறை கைவிடப்பட்டது. உடலைக் குழாய்ப் பொருத்துகையாக மட்டும் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

அயோவா பல்கலைக்கழக அறுவை மருத்துவர் எட்வர்ட் மேசன் வேறொன்றைக் கவனித்தார். இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றிக்கொண்ட நோயாளிகள் மெலிந்தார்கள்; பிறகும் எளிதில் எடை போடவில்லை. அதைக் கொண்டு 1966ஆம் ஆண்டில் அவர் செய்ததுதான் இன்றைய பைபாஸின் மூதாதை.

பிறகு வந்தது நான் மிகவும் விரும்பிக் கற்பிக்கும் கதை. வட கரோலினாவின் கிரீன்வில் நகரில் வால்டர் போரீஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 608 பேருக்குப் பைபாஸ் செய்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 146 பேருக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருந்தது. அறுவைக்குப் பிறகு 121 பேருக்கு ரத்தச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்து, அப்படியே நின்றது. அதுவும் எப்போது? பலருக்குச் சில நாள்களிலேயே, எடை குறைவதற்கு முன்பாகவே! 1995ஆம் ஆண்டில் இதை எழுதியபோது, ‘யார்தான் நினைத்திருப்பார்கள்?’ என்ற கேள்வியோடுதான் கட்டுரைக்குத் தலைப்பே வைத்தார்கள்.

எடை குறைந்ததால் நீரிழிவு குறைந்தது என்றால் மாதங்கள் ஆக வேண்டும். நாள்களில் குறைந்தது என்றால் வேறு ஏதோ நடந்திருக்கிறது. அறுவையை அடுத்த நாள்களில் நோயாளி மிகக் குறைவாக உண்பது ஒரு காரணம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது மட்டுமன்று. சிறுகுடலின் கீழ்ப்பகுதியில் உணவு வந்து சேர்ந்ததும் ஜி.எல்.பி.-1 போன்ற ஹார்மோன்களைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. வழக்கமான பாதையில் மேலேயே பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடுவதால் இவற்றுக்கு அதிக வேலை இல்லை. பைபாஸ் செய்தவருக்கு உணவு விரைவாகவும் செரிக்காத நிலையிலும் கீழே வந்து விழுகிறது. செல்கள் விழித்துக்கொள்கின்றன. ஜி.எல்.பி.-1 ரத்தத்தில் பல மடங்கு உயர்கிறது. அது கணையத்திடம் “இன்சுலினை விடு” என்கிறது. மூளையிடம் “போதும்” என்கிறது.

எடை குறைப்பவருடைய உடல் பசியைக் கூட்டும் என்று முன்பு பார்த்தோம். இந்த அறுவை செய்துகொண்டவர்களுக்கு எடை குறைந்தும் பசி கூடுவதில்லை. முதல் சில ஆண்டுகளில் பெரும்பாலும் குறைகிறது. ஆக, கத்தி வெட்டியது பையை மட்டுமல்ல. வயிற்றுக்கும் மூளைக்கும் இடையே போகும் செய்தியையே மாற்றி எழுதியிருக்கிறது.

கொடுக்க வேண்டிய விலை

நீண்ட கால விளைவுகளை அறிய, சுவீடனில் 1987ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு உதவுகிறது. அறுவை செய்துகொண்ட இரண்டாயிரம் பேரையும், செய்துகொள்ளாத இரண்டாயிரம் பேரையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டார்கள். பைபாஸ் செய்தவர்கள் பத்து ஆண்டு கழித்தும் தொடக்க எடையில் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவாகவே இருந்தார்கள். மற்றவர்களின் எடையில் பெரிய மாற்றம் இல்லை. அறுவை செய்துகொண்ட பிரிவில் மரணமும் குறைவு. நீரிழிவைப் பொறுத்தவரை, இரண்டு ஆண்டில் 72 விழுக்காட்டினர் அதிலிருந்து விடுபட்டிருந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 36 விழுக்காடாகக் குறைந்தது. இந்த இரண்டாவது எண்ணை விளம்பரங்களில் நீங்கள் பார்க்க முடியாது. நோய் பின்வாங்குகிறது, ஆனால் எல்லாரையும் விட்டுப் போய்விடுவதில்லை.

அறுவையின்போதும் அதை அடுத்த ஒரு மாதத்திலும் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று வரை. பித்தப்பை அகற்றும் அறுவைபோலத்தான், ஆனால் பூச்சியம் அல்ல. தைத்த இடம் கசியலாம், ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். வேகமாக எடை குறையும்போது பித்தக்கல் உருவாகலாம்.

பைபாஸ் செய்தவர் ஒரு கிளாஸ் சிரப் பண்டுங்கை ஒரே மூச்சில் குடித்தால் என்ன ஆகும் தெரியுமா? வாயில் காவல்காரனாக இருந்த வளையத் தசை இப்போது பாதையில் இல்லை. சர்க்கரை மொத்தமாகச் சிறுகுடலில் கொட்டுகிறது. அதை நீர்த்துப்போகச் செய்ய ரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. சவ்வூடு பரவல் பாடம் நினைவுக்கு வருகிறதா? வியர்வை, படபடப்பு, தலைச்சுற்றல், வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்து வரும். மதுவும் அப்படியே விரைவாக ரத்தத்தில் ஏறும்.

அடுத்தது சத்துக் குறைபாடு. இரும்புச் சத்து பெரும்பாலும் முன்சிறுகுடலில் உறிஞ்சப்படுவது. உணவு அந்த வழியே போவதில்லை. கால்சியத்துக்கும் இதே சிக்கல். வைட்டமின் பி12 கல்லீரலில் சில ஆண்டுக்குப் போதுமான அளவு சேமிப்பில் இருப்பதால், குறைபாடு உடனே தெரியாது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்தியவருக்கு நான்கைந்து ஆண்டு கழித்துக் கை கால் மரத்துப்போகலாம், ரத்தச்சோகை வரலாம். எனவே வைட்டமின் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுவதும் தொடர வேண்டும். இவ்வளவையும் அறிந்த பிறகு இதைக் குறுக்கு வழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யாருக்கு இந்த அறுவை? எடைக் குறைப்பு அறுவை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கமும் அனைத்துலகக் கூட்டமைப்பும் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பி.எம்.ஐ. 35ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம். நீரிழிவு போன்ற நோய் இருந்தால் 30லிருந்தே. ஆசியர்களுக்கு 27.5லிருந்து எண்ணிப் பார்க்கலாம். நம் நாட்டில் சில அரசு மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழக மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் இது செய்யப்படுகிறது. அறுவை மருத்துவர் மட்டும் முடிவு செய்வதில்லை. உணவியலாளர், நீரிழிவு மருத்துவர், மனநல நிபுணர் என்று ஒரு குழுவே நோயாளியைப் பார்க்கும். உங்கள் வயதினருக்கு மிக அரிதாக, கடுமையான பருமனும் அதனால் வந்த நோயும் இருந்தால் மட்டுமே, பெற்றோரோடு நீண்ட ஆலோசனைக்குப் பிறகு செய்யப்படுகிறது.

பல்லியிடமிருந்து வந்த மருந்து

ஜி.எல்.பி.-1 பற்றித் தெரிந்த பிறகு விஞ்ஞானிகளுக்கு ஓர் ஆசை வந்தது: வெட்டாமலே அந்தச் செய்தியை அனுப்ப முடியுமா? நம் உடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும். நியூயார்க் மருத்துவர் ஜான் எங், கிலா என்ற அமெரிக்கப் பாலைவனப் பல்லியின் நஞ்சில் அதைப் போன்றே வேலை செய்யும், ஆனால் எளிதில் சிதையாத ஒரு பொருளை 1992ஆம் ஆண்டில் கண்டார். அதிலிருந்து உருவான நீரிழிவு மருந்து 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று அதிகம் பேசப்படும் செமகுளுடைட் ஊசி, மனித ஜி.எல்.பி.-1ஐ மாற்றியமைத்து, அதே வழியில் வேலை செய்யுமாறு உருவாக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வில், 68 வாரத்தில் அது சராசரியாக 15 விழுக்காடு எடையைக் குறைத்தது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்புகிறது. ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

இவை மருத்துவர் எழுதித் தரும் மருந்துகள். இணையத்தில் ‘மெலிவுக் காப்பி’, ‘ஏழு நாள் டீ’ என்று விற்கப்படுபவை வேறு கதை. அவற்றில் சிலவற்றைப் பரிசோதித்தபோது சிபுட்ராமின் என்ற மருந்து மறைத்துக் கலக்கப்பட்டிருந்தது. இதயத்துக்கும் மூளை ரத்தக் குழாய்களுக்கும் ஆபத்து என்று 2010ஆம் ஆண்டில் அமெரிக்கா, ஐரோப்பா உட்படப் பல நாடுகளில் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது. பாக்கெட்டின்மேல் இலை படம் இருந்தால் மூலிகை என்று நம்பிவிடாதீர்கள். வீட்டில் யாராவது வாங்கி வைத்திருந்தால், பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் உண்மையானதுதானா என்பதை தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் சரிபார்க்கலாம்.

பயிற்சிக்கு மூன்று கேள்விகள்

1. ஒரு பான டின்னில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை என்று எழுதியிருக்கிறது. டின்னின் கொள்ளளவு 320 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்றால், மொத்தம் எத்தனை தேக்கரண்டி? நம் நாட்டில் 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து, 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமைத் தாண்டும் இத்தகைய பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதிக்கப்பட்டது. அந்த விகிதத்தில் இந்த டின்னுக்கு வரி எவ்வளவு?

2. கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்தவரின் செரிமானப் பாதையை வரைந்து, நாசி லெமாக்கில் உள்ள மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றும் எந்தெந்த இடத்தில் எந்த நொதியைச் சந்திக்கின்றன என்று குறித்துக் காட்டுங்கள். வழக்கமான பாதையையும் பக்கத்தில் வரையுங்கள்.

3. வைட்டமின் பி12 பின்சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படுகிறது. பைபாஸ் அறுவையில் அந்தப் பகுதியை யாரும் தொடுவதில்லை. பிறகு ஏன் பி12 குறைகிறது? ஒரு குறிப்பு: இரைப்பையின் சுவர் அமிலத்தை மட்டும் சுரப்பதில்லை.